அகிஹபாராவில் பழைய வீடியோ கேம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

34,000 யென். இந்தியப் பணத்தில் ஏறத்தாழ 20,000 ரூபாய். டோக்கியோவில் அகிஹபாராவின் ஒரு மாடிக்கடையில் இவ்வளவு பணத்தை எண்ணிக் கொடுத்து, ஓடாத இயந்திரம் ஒன்றை வாங்கி வந்திருக்கிறேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. ஜப்பானில் நடந்ததை நடந்தபடி சொன்னாலும் அவதூறு வழக்கு வரலாம். ஆனால் அது எந்த வகைக் கடை, எப்படிப் பேசுகிறார்கள், பணம் கைமாறிய பிறகு எப்படி மாறுகிறார்கள், இதிலிருந்து எப்படித் தப்புவது என்று எல்லாவற்றையும் எழுதுகிறேன். விடுமுறைக்கு டோக்கியோ வரும் நம்மவர்கள் பலரும் முதலில் கேட்கும் இடம் அகிஹபாராதான்.

ரயில் நிலையத்தின் மின்சாதன நகர வாசலில் இறங்கினால் எதிரிலேயே ரேடியோ கைக்கான் கட்டடம். பொம்மை, விளையாட்டுச் சீட்டு, பழைய வீடியோ கேம் என்று மாடிக்கு மாடி கடைகள். போர் முடிந்த சில ஆண்டுகளில் வானொலி உதிரிபாகம் விற்றவர்கள் ரயில் பாலத்தடியில் கூடியதுதான் இந்த வட்டாரத்தின் தொடக்கம். பிறகு வீட்டு மின்சாதனம், அதன்பின் கணினி, அதற்கும் பின்புதான் அனிமே, கேம் எல்லாம். பிரதான சாலையான சூஓ-தோரியில் ஞாயிறு பிற்பகல்களில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். தெரு முழுக்க மனிதர்கள். சாலைக்கு மேற்கே உள்ள குறுகிய சந்துகளில், இருவர் ஏறினாலே நிறைந்துவிடும் மின்தூக்கிகளில் ஏறிப் போனால்தான் பழைய பொருள் விற்கும் கடைகள்.

அங்கே இரண்டு வகைக் கடைகள் உண்டு. பொருளைத் தானே வாங்கி, துடைத்து, ஓட்டிப் பார்த்து விற்பது ஒரு வகை. மற்றொன்று கண்ணாடிப் பெட்டிக் கடை. சுவர் முழுக்கப் பூட்டிய சிறு சிறு கண்ணாடிப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியையும் யாரோ ஒருவர் மாத வாடகைக்கு எடுத்துத் தன் பொருளை வைத்திருப்பார், விலையும் அவரே போடுவார். கடைக்காரர் பூட்டைத் திறப்பார், பணத்தை வாங்குவார், தன் பங்கை எடுத்துக்கொள்வார். வெளியிலிருந்து வருகிறவருக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஒரே கல்லா, ஒரே ரசீது, மேலங்கி அணிந்த அதே ஊழியர்கள்.

நான் தேடியது ட்வின் ஃபேமிகாம். ஃபேமிகாம் என்ற வீட்டு வீடியோ கேம் பெட்டியை அடிப்படையாக வைத்து, அதைத் தயாரித்த நின்டெண்டோவின் உரிமம் பெற்று ஷார்ப் நிறுவனம் 1986இல் வெளியிட்ட இயந்திரம் அது. கேசட்டும் போடலாம், டிஸ்க்கும் போடலாம். தொண்ணூறுகளில் நம் ஊரில் நாம் ஆடிய கேசட் விளையாட்டுப் பெட்டிகளில் பல இந்த ஃபேமிகாமின் நகல்களே. அசல் ஒன்றை என் தம்பிக்கு வாங்கி அனுப்ப வேண்டும் என்று நெடுநாளாகப் பணம் சேர்த்தேன். இந்த இயந்திரத்தைத் தேடும் யாருக்கும் ஒரு விஷயம் தெரியும்: டிஸ்க்கைச் சுழற்றும் ரப்பர் பெல்ட் ஆண்டுகள் போகப் போகக் கெட்டுவிடும். பெல்ட்டை மாற்றியிருக்கிறார்களா என்பதுதான் முதல் கேள்வி. பெட்டியோடும் சில டிஸ்க்குகளோடும் சிவப்பு நிற இயந்திரம் ஒன்று அந்தக் கண்ணாடிக்குள் இருந்தது. விலைச்சீட்டில் கையால் தெளிவாக எழுதியிருந்தார்கள்: பெல்ட் மாற்றப்பட்டது, இயக்கம் சரிபார்க்கப்பட்டது. 34,000 யென்.

அடுத்து நடந்ததைக் கவனமாகப் படியுங்கள். இளம் ஊழியர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். இயந்திரத்தை இரு கைகளாலும் ஏந்தி வந்து, மேசையில் துணி விரித்து வைத்தார். கல்லாவுக்கு அருகில் இருந்த சிறிய தொலைக்காட்சியில் இணைத்தார். நெம்புகோலை டிஸ்க் பக்கம் தள்ளி மின்சாரத்தைப் போட்டதும் அந்த இசை வந்தது. ஃபேமிகாம் என்ற பெயர்ப்பலகை எழும்பியது. நின்டெண்டோ விளையாட்டுகளின் நாயகர்களான மாரியோவும் லூயிஜியும் ஓடி ஓடி விளக்கைப் போட்டு அணைத்தார்கள். டிஸ்க்கைப் போடச் சொல்லும் வரி திரையில் நின்றது. ஊழியர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு டிஸ்க்கைப் போட்டுக் காட்டுங்களேன்” என்றேன்.

“மன்னிக்கவும் ஐயா, அவை உறையில் ஒட்டியவை, விற்பதற்கு முன் பிரிக்க அனுமதி இல்லை. சீட்டில் எழுதியிருக்கிறதே, பெல்ட் புதிது. கவலைப்படாதீர்கள்” என்றார். பணிவான குரல், தலைவணக்கம். ரசீது போட்டார். விலைச்சீட்டைப் பிய்த்துத் தன் நோட்டில் ஒட்டிக்கொண்டார்.

அந்தத் திரைக்கும் டிஸ்க் ஓட்டிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இசையும் படமும் இயந்திரத்துக்குள் இருக்கும் மின்னணுச் சில்லிலிருந்து வருபவை. பெல்ட் அறுந்து கிடந்தாலும் மாரியோ விளக்கைப் போடுவான். பழைய கேம் விற்கும் கடையில் வேலை பார்ப்பவருக்கு இது தெரியாது என்று யாராவது சொன்னால் நான் நம்பத் தயாரில்லை.

நிஷி-கசாயில் உள்ள என் வீட்டுக்கு வந்து இணைத்தேன். அதே இசை, அதே மாரியோ. டிஸ்க்கைப் போட்டேன். மோட்டார் சுழலும் ஓசை கேட்டது, டிஸ்க் அசையவில்லை, பிழை எண் வந்து நின்றது. இருந்த டிஸ்க்குகள் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிட்டேன். உடனே தொலைபேசியில் அழைத்தேன். “பொறுப்பாளர் இல்லை, அவரே அழைப்பார்.” அழைக்கவில்லை.

அலுவலகத்தில் பழைய மின்சாதனங்களைப் பழுதுபார்ப்பதையே பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஜப்பானிய நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் திருகுகளைக் கழற்றி டிஸ்க் ஓட்டியை வெளியே எடுத்தார். உள்ளே பெல்ட் என்று ஒன்று இல்லவே இல்லை. சக்கரத்தைச் சுற்றித் தார் போல ஒரு கறுப்புப் பிசின். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டார், இழை இழையாக வந்தது. “மாற்றியவர் இதைத் துடைக்காமல் மாற்றியிருக்க முடியாது. இதை யாரும் திறந்ததே இல்லை” என்றார். புதிய பெல்ட் போட்டாலும் அத்தோடு முடியாதாம். ஓட்டியின் உள்பாகங்களின் நிலையை நுணுக்கமாகச் சரிசெய்தால்தான் டிஸ்க்கைப் படிக்குமாம். எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டேன்.

படங்களோடு நேரே கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் அந்த இளைஞர் உள்ளே போய்விட்டார், மேலாளர் வந்தார். குனிந்து வணங்கினார். பிறகு ஒவ்வொரு கதவாகச் சாத்தினார். “வாங்கும்போது உங்கள் கண்முன் திரை வந்ததே.” பெல்ட் மாற்றியதாகச் சீட்டில் எழுதியிருந்ததைச் சொன்னேன். “எந்தச் சீட்டு?” நோட்டில் ஒட்டிய சீட்டைக் காட்டுங்கள் என்றேன். அது கடையின் உள்கணக்காம், வாடிக்கையாளருக்குக் காட்டமாட்டார்களாம். படங்களைக் காட்டினேன். “திறந்துவிட்டீர்களா? திறந்த பொருளை நாங்கள் ஏற்பதில்லை.” கடைசியில் வந்தது உண்மையான பதில்: “பொருள் எங்களுடையது அல்ல. பெட்டியை வாடகைக்கு எடுத்தவருடையது. உங்கள் வருத்தத்தை அவருக்குத் தெரிவிக்கிறோம்.” அவர் யார் என்று சொல்லமாட்டார்கள், தனிப்பட்ட தகவலாம். என் 34,000 யென்னை வாங்கிக் கல்லாவில் போட்டபோது மட்டும் அவர்களே கடைக்காரர்கள்.

மின்னஞ்சல் எழுதினேன். விற்ற பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று ரசீதின் அடியில் அச்சிட்டிருப்பதைச் சுட்டிக்காட்டி, மிக மரியாதையாக ஒரு பத்தி வந்தது. மீண்டும் நேரில் போனபோது அந்தக் கண்ணாடிப் பெட்டியில் சீட்டுக்கட்டுகள் அடுக்கியிருந்தன. முன்பு எடுத்திருந்தவர் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டு போய்விட்டாராம். வருத்தத்தைத் தெரிவித்தீர்களா என்று கேட்டேன். மேலாளர் மீண்டும் குனிந்தார். அந்த வணக்கத்தைப் பார்க்கப் பார்க்க என் ரத்தம் கொதித்தது. மரியாதையால் அடித்து வெளியே அனுப்புகிறார்கள். சத்தம் போட்டால் தவறு நம்முடையதாகிவிடும் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அகிஹபாராவில் எல்லோரும் இப்படி என்று சொல்லமாட்டேன். பாலத்தடி உதிரிபாகக் கடைகளில் ஒரு திருகுக்குக்கூட எதற்கு வேண்டும் என்று கேட்டுச் சரியானதை எடுத்துத் தரும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். கடைவாசலில் கூடையில் கொட்டி, பழுது, உத்தரவாதம் கிடையாது என்று எழுதி மலிவு விலைக்கு விற்கிறார்களே, அதுவும் நேர்மையான வியாபாரம். பழுதான பொருளைக் கண்ணாடிக்குள் வைத்து, பொய்யை எழுதி ஒட்டி, கையுறை போட்டு எடுத்துக் கொடுத்ததைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

தப்பும் வழிகளை விரிவாக எழுதுவதாகச் சொன்னேன், இப்போது அதற்கான மனநிலை இல்லை. இவற்றை மட்டும் செய்யுங்கள். கல்லாவுக்குப் போகும் முன் விலைச்சீட்டைப் படம் எடுங்கள், அதைப் பிய்த்துவிடுவார்கள். பொருள் கடையுடையதா, பெட்டி வாடகைக்காரருடையதா என்று கேளுங்கள். டிஸ்க்கோ கேசட்டோ, விளையாட்டு உண்மையிலேயே தொடங்கும் வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். முடியாது என்றால் வெளியே வந்துவிடுங்கள், பக்கத்து மாடியிலேயே வேறு கடை இருக்கும். உத்தரவாதத்தை எழுத்தில் வாங்குங்கள். கடைக்கு நேரில் போய் வாங்கிய பொருளுக்கு, மனம் மாறினால் திருப்பித் தரும் சட்ட உரிமை ஜப்பானில் இல்லை. இங்கே வசிப்பவர்கள் 188 என்ற எண்ணை அழைத்தால் அருகிலுள்ள நுகர்வோர் மையத்துக்கு இணைப்பார்கள். சுற்றுலா வருகிறவர்களுக்குத் தேசிய நுகர்வோர் மையம் ஆங்கிலத்தில் பேசும் தனித் தொலைபேசிச் சேவை வைத்திருக்கிறது. ஊருக்கு விமானம் ஏறும் முன் அழையுங்கள்.

நான் 188ஐ அழைத்துப் புகார் சொல்லிவிட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள், படங்களை அனுப்பச் சொன்னார்கள், கடையோடு பேசுவதாகச் சொன்னார்கள். கடையைக் கட்டாயப்படுத்தும் அதிகாரம் தங்களுக்கு இல்லை என்பதையும் சொன்னார்கள். இதுவரை 34,000 யென்னில் ஒரு யென்கூடத் திரும்பவில்லை. பதில் ஏதும் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.