ஹாம்பர்க்கில் படகுச் சவாரிக்கு இணையத்தில் டிக்கெட் எடுக்கும் முன் இதைப் படியுங்கள்

நேற்று மதியம் 116 யூரோ போய்விட்டது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆறிப்போவதற்குள் எழுதிவிடுகிறேன்.

திருச்சியில் என்னோடு கல்லூரியில் படித்தவள் அலுவலகப் பயிற்சிக்காக ஜெர்மனி வந்திருந்தாள். 14 வருடம் கழித்துப் பார்க்கிறோம். அவளுக்குக் கிடைத்ததே ஒரு நாள். பிரேமனிலிருந்து ரயிலேறி ஹாம்பர்க் போய்ச் சேர்ந்தேன். காலையிலிருந்தே மழை. கொட்டுகிற மழை இல்லை, குடை பிடித்தாலும் பக்கத்திலிருந்து முகத்தில் அடிக்கிற சாரல். இதற்கென்றே அந்த ஊர்க்காரர்கள் 'ஷீட்வெட்டர்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். மிஷாயலிஸ் தேவாலயத்தைப் பார்த்து முடிப்பதற்குள் இரண்டு பேருக்கும் சாக்ஸ் வரை நனைந்துவிட்டது. "போட்ல போலாமாடி?" என்றாள். ஸ்பைஹர்ஸ்டாட் கிடங்குகளைக் கால்வாய் வழியாகப் பார்ப்பது அவளுடைய நெடுநாள் ஆசை. காப்பி, மிளகு, கம்பளம் என்று கப்பலில் வந்ததையெல்லாம் அடுக்கி வைத்த செங்கல் கட்டடங்கள் அவை. 1883இல் கட்டத் தொடங்கியவை, 2015இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை.

ஒரு காப்பிக் கடையில் ஒதுங்கி போனில் தேடினேன். முதலில் வந்தது சுற்றுலா டிக்கெட் விற்கும் ஒரு தளம். படங்கள் பளிச்சென்று இருந்தன. 'மூடிய படகு, மழை வந்தாலும் கவலை இல்லை', 'ஸ்பைஹர்ஸ்டாட் நிச்சயம்', 'இலவச ரத்து' என்று வரிசையாகப் பச்சை டிக் போட்டிருந்தார்கள். இன்னும் 2 இடம்தான் மீதி என்று சிவப்பில் ஓடியது. அவள், "படகுத்துறையிலேயே போய் வாங்கிக்கலாமே" என்றாள். நான்தான், மழையில் வரிசையில் நிற்க வேண்டாம் என்று அவசரப்பட்டு கார்டு எண்ணைப் போட்டேன். தலைக்கு 58. மொத்தம் 116 யூரோ.

இரண்டு மணிப் படகுக்கு லாண்டுங்ஸ்ப்ருக்கென் படகுத்துறையில் ஒன்றரைக்கே போய் நின்றோம். டிக்கெட்டில் போட்டிருந்த இடத்தில் இருந்த படகுக்காரர் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, இந்தத் தளத்தோடு தங்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்றார். அதோடு அந்த நேரத்தில் ஸ்பைஹர்ஸ்டாட்டுக்குள் எந்தப் படகும் போகாதாம். கடலின் ஏற்ற இறக்கம் எல்பே ஆற்றில் ஹாம்பர்க்கையும் தாண்டி வரும். அங்கே நீர்மட்டம் ஒரு நாளில் 3.5 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். இறங்கிய நேரத்தில் கால்வாய்களில் படகு போகத் தண்ணீர் இருக்காது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இதைக் கூடப் பார்க்காமல் 'நிச்சயம்' என்று விற்றிருக்கிறார்கள். அவருடைய பலகையில் கட்டணம் அதில் பாதி கூட இல்லை.

அங்கேயே குடைக்குள் நின்று தளத்தின் அரட்டைப் பெட்டியில் எழுதினேன். 'உங்கள் பொறுமைக்கு நன்றி' என்று நான்கு முறை வந்தது. பிறகு, படகு நிறுவனத்திடம் கேளுங்கள் என்றார்கள். பணமே வராத அவரிடம் எதைக் கேட்பது? இலவச ரத்து என்றீர்களே என்றால், 24 மணி நேரம் முன்னதாகச் செய்திருக்க வேண்டுமாம். அன்றைக்கு வாங்கி அன்றைக்கே போகிறவர் அதை எப்படிச் செய்வார்? சாயங்காலம் மின்னஞ்சல் வந்தது. இணையத்தில் வாங்கியதை மனம் மாறினால் 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற சட்டம் தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது என்று பாடம் எடுத்திருந்தார்கள். அந்த விலக்கு உண்மைதான். ஆனால் நான் மனம் மாறித் திருப்பிக் கேட்கவில்லை, தராத சவாரிக்கு வாங்கிய 116 யூரோவைக் கேட்கிறேன். இதற்குப் பதில் இல்லை. கடைசியாக, நாங்கள் நேரத்துக்கு வரவில்லை என்று எழுதினார்கள். அப்போதுதான் கை நடுங்கியது. ஒன்றரை மணிக்கு அதே இடத்தில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "விடுடி, நான் உன்னைப் பார்க்கத்தான வந்தேன்" என்றாள். பாதிப் பணம் தருகிறேன் என்றும் சொன்னாள், நான் வாங்கவில்லை. 62ஆம் எண் படகில் ஃபின்கன்வெர்டர் வரை போய் வந்தோம். அது நகரப் போக்குவரத்துப் படகு, பஸ், ரயிலுக்கு எடுத்த அதே டிக்கெட் போதும். பிறகு 1911இல் திறந்த பழைய எல்பே சுரங்கப் பாதை. ஆற்றுக்கு அடியில் நடக்கலாம், மழை கிடையாது, நடந்து போகக் கட்டணமும் கிடையாது. ஆனால் ஸ்பைஹர்ஸ்டாட் கால்வாயை அவள் பார்க்காமலே போய்விட்டாள்.

நீங்கள் போனால் படகுத்துறையிலேயே பணம் கட்டுங்கள். இந்த நேரத்தில் கால்வாய்க்குள் போகுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். இணையத்தில்தான் வாங்குவேன் என்றால் படகு நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். ஏமாந்துவிட்டால் படங்களை எடுத்து வைத்துக்கொண்டு, கார்டில் போன பணத்தைத் திரும்பக் கேட்டு உடனே வங்கிக்கு எழுதுங்கள். எனக்கு அந்த வங்கிப் படிவம் இன்னும் பாதியில் நிற்கிறது, நிரப்பப் போகிறேன்.