படித்துறையா, வாட்ஸ்அப்பா? பிளஸ் டூ இயற்பியல் கணக்குக்கு எது உதவும்?

மேட்டூர் அணையை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பொதுத்தேர்வோ மார்ச்சில். அதனால் திருவையாற்றுப் படித்துறையில் நாங்கள் கூடிக் கணக்குப் போட்ட நாட்களில் காவிரியில் மணல்தான் கிடந்தது. அதுவும் வசதிதான், குச்சியால் மணலிலேயே படம் போட்டுவிடலாம்.

ராத்திரியானால் வாட்ஸ்அப் குழு. கேள்வியைப் படமெடுத்துப் போட்டால் பத்து நிமிடத்தில் விடை வந்துவிடும். பள்ளி விட்டதும் பஸ்ஸுக்கு ஓடுகிற கிராமத்துப் பையன்களுக்கு வேறு வழியில்லை. வகுப்புப் பெண்களும் படித்துறைக்கு வந்ததில்லை, அவர்களுக்கும் குழுதான்.

வேகத்தில் குழுவை மிஞ்ச முடியாது. ஆனால் ஒரு கணக்கு சொல்கிறேன். 2, 3 மைக்ரோகூலூம் மின்னூட்டங்கள், இடைவெளி 30 செ.மீ., அதாவது 0.3 மீட்டர், விசை எவ்வளவு? விடை 0.6 நியூட்டன். எனக்கு 0.18 வந்தது. குழுவில் கேட்டேன். வகுப்பில் முதலாவதாக வருகிறவன் மூன்றே வரியில் போட்டு அனுப்பினான். பார்த்து எழுதிக்கொண்டேன், புரிந்துவிட்டது என்றும் நினைத்தேன். மறுநாள் எண்ணை மாற்றிப் போட்டால் பழைய தப்பு அப்படியே வருகிறது. படித்துறையில் பக்கத்தில் இருந்தவன் என் நோட்டை எட்டிப் பார்த்து, "டேய், 0.3-ஐ ஸ்கொயர் பண்ணவே இல்லையேடா" என்றான். போன வாரம் அவனும் அதே இடத்தில்தான் விழுந்திருந்தான்.

அதற்காகப் படித்துறையைத் தலையில் தூக்கிவைக்க மாட்டேன். பாதி நேரம் கிரிக்கெட் பேச்சு, இருட்டினால் கொசு. டியூஷன் அண்ணன் இரண்டையும்விடத் தெளிவாகச் சொல்வார். அவரிடம் மூன்றாவது முறை கேட்கத்தான் கூச்சம்.

70 மதிப்பெண் எழுத்துத்தேர்வில் 24-ஆவது, 33-ஆவது வினாக்கள் கட்டாயம். பெரும்பாலும் கணக்காகத்தான் இருக்கும், சாய்ஸில் விட முடியாது. விடையைப் பார்த்து எழுதிப் பழகியவன் அங்கே மாட்டுவான்.

அதனால் குழுவில் ஒன்றை மாற்றினோம். கேள்வியோடு தான் போட்டுப் பார்த்த தப்பான வழியையும் படமெடுத்துப் போட வேண்டும். பதில் சொல்கிறவர் விடை எழுதக் கூடாது, தப்பான வரிக்கு வட்டம் மட்டும் போட்டு அனுப்ப வேண்டும். சில நாட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை, வெட்கம். அப்புறம் முதல் படம் வந்தது, அந்த முதல் மாணவனிடமிருந்தே. லாக் டேபிள் (மடக்கை அட்டவணை) பார்த்துக் கழிக்கும்போது பார் போட்ட எண்ணில், அதாவது மைனஸைக் காட்ட மேலே கோடு போட்டு எழுதும் எண்ணில், தடுமாறியிருந்தான்.