மாத்திரையை நிறுத்தச் சொல்பவர் எழுதிக் கொடுக்க மாட்டார்

நீளமான பதிவுதான். வெல்னஸ் சென்டர், ஹோலிஸ்டிக் ஹீலிங், டீடாக்ஸ் என்று எங்காவது பேக்கேஜ் கட்டிப் போய்க்கொண்டு, கூடவே டாக்டர் எழுதிய மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிற ஆள் உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை படித்துவிடுங்கள். எங்களுக்குப் பணமும் போனது, அது போகட்டும். மாத்திரை விஷயத்துக்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பல வருடமாகத் தைராய்டு சுரப்பு குறைவு. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்சின் (குறைகிற ஹார்மோனே மாத்திரையாக), அவ்வளவுதான், வேறு தொந்தரவு கிடையாது. இடுப்புவலிக்காக ஒரு வெல்னஸ் சென்டரில் நடந்த யோகா வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. சொல்லிக்கொடுத்த பெண் யாருக்கு எந்த ஆசனம் ஆகாது என்று கேட்டுக் கேட்டுச் செய்யவைப்பவர். வலியும் குறைந்தது. நாள்பட்ட இடுப்புவலிக்கு மருந்துக்கு முன்னால் யோகா, தாய்ச்சி, உடற்பயிற்சி போன்றவற்றை முயன்று பார்க்கச் சொல்லி அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பே 2017-இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வம்பு என்னவென்றால், ஒன்று பலித்ததும் அந்தக் கூரைக்குக் கீழே நடப்பதெல்லாம் பலிக்கும் என்ற நம்பிக்கை வந்துவிடுகிறது. யோகாவுக்குக் கட்டணம் அத்தனை குறைவாக வைத்திருந்தது ஏன் என்று இப்போது புரிகிறது. வருமானம் எல்லாம் மாடியில்.

மாடியில் இருந்தவரை எல்லாரும் 'மாஸ்டர்' என்பார்கள். கையில் ஒரு உலோகக் குழாயைப் பிடிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டரில் கத்தை கத்தையாக ரிப்போர்ட் எடுத்துக் கொடுப்பார். அக்காவுக்கு ஈரல் பலவீனம், கன உலோகம், பெருங்குடலில் கழிவு என்று வந்தது. அதற்குப் பேக்கேஜ்: கால் டீடாக்ஸ், கேப்ஸ்யூல்கள், மாதாமாதம் ரிப்போர்ட். முழுப் பணமும் முன்கூட்டியே.

கால் டீடாக்ஸ் தெரியாதவர்களுக்கு: வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொல்வார்கள். உள்ளே ஒரு கருவி ஓடும். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் செம்பழுப்பாகி மேலே நுரையும் அழுக்குமாக மிதக்கும். "பாருங்கம்மா, எத்தனை வருஷத்து நஞ்சு!" என்பார்கள். எந்த நிறம் எந்த உறுப்பிலிருந்து வந்தது என்று சுவரில் சார்ட்டே ஒட்டியிருந்தார்கள். அக்கா போட்டோ எடுத்து வீட்டு குரூப்பில் போட்டாள். அவள் மகன், பள்ளிக்கூடத்துப் பையன், பார்த்த உடனே "இது எலக்ட்ராலிசிஸ்தானே?" என்றான். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் உள்ளே இருக்கும் இரும்பே கரைந்து துருவாகுமாம். சும்மா சொல்லவில்லை. இரண்டு இரும்பு ஆணி, ஒரு 9 வோல்ட் பேட்டரி, ஒரு டம்ளர் உப்புத் தண்ணீர் எடுத்து, ஜன்னல் ஓரமாக வைத்துச் செய்து காட்டினான். ஒரு ஆணியில் குமிழி கிளம்பியது. இன்னொன்றிலிருந்து பச்சையாக ஒரு கலங்கல் இறங்கி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துருநிறமானது. டம்ளருக்குள் யாரும் காலை விடவில்லை.

இதை ஆய்வாகவே செய்திருக்கிறார்கள். 2012-இல் வெளியானது. செய்தவர்கள் கனடாவில் இயற்கை மருத்துவம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், அதாவது இந்தப் பக்கத்து ஆட்களேதான். தொட்டித் தண்ணீரைக் கால் வைத்தும் வைக்காமலும் எடுத்துப் பார்த்தார்கள், சிறுநீரையும் முடியையும் பார்த்தார்கள். கால் வழியாக நச்சு உலோகம் வெளியேறியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை.

இதுவரை நடந்தது பணத்தோடு போகிற ஏமாற்று. அடுத்தது அப்படி இல்லை. "உடம்பு சுத்தமாயிடுச்சு, இனி வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்தா உங்க சுரப்பி சோம்பேறி ஆயிடும், மாத்திரையை விட்டுடுங்க" என்று மாஸ்டர் சொல்லியிருக்கிறார். அக்கா விட்டுவிட்டாள். எங்களிடம் சொல்லவில்லை.

விட்ட பிறகு நன்றாகத்தான் இருந்தாள். இந்த இடத்தை எல்லாரும் கவனிக்க வேண்டும். தைராக்சின் உடம்பிலிருந்து சட்டென்று போகாது. பாதி அளவு குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும், மீதியில் பாதி குறைய இன்னொரு வாரம். அதனால் நிறுத்தியவருக்கு முதல் சில வாரம் பெரிதாக ஒன்றும் தெரியாது. "மாத்திரை இல்லாமலே இருக்கேனே" என்று அவர்களே நாலு பேருக்குச் சாட்சி சொல்வார்கள். அக்காவும் சொன்னாள். அவளை வைத்து வீடியோகூட எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. உடம்பு அசந்து போனது, எல்லாரும் வியர்க்கும்போது இவள் போர்வை தேடினாள், மலச்சிக்கல், காலையில் முகம் உப்பி, குரல் கரகரத்து. மாஸ்டரிடம் போனால் "ரொம்ப நல்ல அறிகுறி, இது ஹீலிங் கிரைசிஸ், நஞ்சு வெளியேறுது" என்றாராம். டாக்டர்களே ஒத்துக்கொண்டதுதான் என்று 'ஹெர்க்ஸ்ஹைமர் ரியாக்ஷன்' என்று ஒரு பெயரும் சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்று உண்டு, பொய்யில்லை. சிபிலிஸ் மாதிரியான சில தொற்றுகளுக்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்த சில மணி நேரத்தில் காய்ச்சல், நடுக்கம் வந்து, பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். அதற்கும் வாரக்கணக்கில் முகம் வீங்குவதற்கும் என்ன சம்பந்தம்? குணமானால் அவர்கள் சிகிச்சை, மோசமானால் அதுவும் அவர்கள் சிகிச்சை. இப்படிப் பேசுகிறவரிடம் எந்த விளைவைக் காட்டி நீங்கள் தவறு என்று சொல்வீர்கள்?

இதில் இன்னொரு கூத்து. நடுவில் அவர்களே ரத்தப் பரிசோதனை எடுக்க வைத்தார்கள், டிஎஸ்ஹெச் (தைராய்டு சுரப்பு குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற ஹார்மோன்) நார்மல் என்று வந்தது. பிறகு என் வற்புறுத்தலில் பழைய டாக்டரிடம் போனபோது, அவர் முகத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி "வேற ஏதாவது கேப்ஸ்யூல் சாப்பிடறீங்களா?" சென்டரில் முடிக்கும் நகத்துக்கும் என்று கொடுத்த டப்பாவின் பின்னால் பயோட்டின் என்ற வைட்டமின் பெரிய அளவில் போட்டிருந்தது. அதிக பயோட்டின் சில லேப் முறைகளைக் குழப்பி, டிஎஸ்ஹெச்சைக் குறைத்துக் காட்டிவிடும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இல் இதைப் பற்றி எச்சரிக்கையே கொடுத்திருக்கிறது. கேப்ஸ்யூலைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் எடுத்தார்கள். சாதாரணமாக 4-ஐ ஒட்டி முடிய வேண்டிய டிஎஸ்ஹெச் 40-ஐத் தாண்டியிருந்தது. இன்னும் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொன்னதை இங்கே எழுத மனசு வரவில்லை.

பணத்தைக் கேட்க நானும் கூடப் போனேன். ரிசப்ஷனில் இருந்த பெண் "முதல்ல புது ரிப்போர்ட் எடுத்துடலாம் சார், அப்புறம் மாஸ்டர்கிட்ட பேசுங்க" என்று அக்காவின் பெயரில் இருந்த ஃபைலைத் திறந்தாள். அக்கா அப்போது பாத்ரூம் போயிருந்தாள். நான் குழாயை எடுத்துப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பெண் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட் வந்தது. எனக்குக் கருப்பை பலவீனமாம், சினைப்பையில் லேசான அழற்சியாம். வயது, உயரம், எடை, ஆணா பெண்ணா என்று தட்டியதிலிருந்துதான் அந்தக் கத்தை முழுவதும் வருகிறது போல. என் கையிலிருந்து அதற்கு எதுவும் போனதாகத் தெரியவில்லை.

மாஸ்டர் அசரவில்லை. "நான் மாத்திரையை நிறுத்தச் சொன்னதா எங்கே இருக்கு?" என்றார். சேரும்போது அக்கா கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினார். 'இது மருத்துவச் சிகிச்சை அல்ல. உங்கள் மருந்துகளை மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். கட்டணம் திருப்பித் தரப்படாது.' எல்லாம் அச்சில் இருந்தது. ஆபத்தானதெல்லாம் வாயால் சொல்வார்கள், பத்திரமானதெல்லாம் தாளில் இருக்கும். மெசேஜில் கேட்டால் "நேர்ல வாங்கம்மா, பேசிக்கலாம்" என்றுதான் பதில் வரும். அக்காவின் போனில் இருந்த அத்தனை மெசேஜையும் புரட்டிவிட்டேன், மாத்திரை என்ற பேச்சே கிடையாது.

ஆகவே உங்களிடம் யாராவது அப்படிச் சொன்னால் சண்டை வேண்டாம், "சரிங்க, உங்க லெட்டர்பேடில் எழுதி கையெழுத்துப் போட்டுக் கொடுங்க, என் டாக்டர்கிட்ட காட்டணும்" என்று மட்டும் கேளுங்கள். ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், நன்றாக இருந்தாலும் டாக்டரை இன்றே கூப்பிடுங்கள். தைராய்டு மாத்திரையாவது கொஞ்சம் அவகாசம் கொடுத்தது. டைப் 1 சர்க்கரைக்காரர் இன்சுலினை விட்டால் ஓரிரு நாளில் உயிருக்கு ஆபத்து. வலிப்பு மாத்திரை, நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு, சில இதய மாத்திரைகள் எல்லாம் திடீரென்று நிறுத்தவே கூடாதவை. எதையாவது குறைக்க வேண்டுமென்றால் அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்த டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

அக்கா மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துவிட்டாள், முகவீக்கம் வடிந்துவிட்டது, குரல் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. அந்த யோகா டீச்சர் இப்போது தனியாக வகுப்பு எடுக்கிறார், அக்கா அங்கே போகிறாள். நான் கூகுளில் போட்ட ரிவ்யூவைப் பார்த்து சென்டரிலிருந்து போன் வந்தது. ரிவ்யூவை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருகிறார்களாம். மெயிலில் எழுதி அனுப்புங்கள் என்றேன். இதுவரை அனுப்பவில்லை. அக்காவின் வீடியோ அவர்கள் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துச் சேரலாம் என்று நினைப்பவர்களுக்காகத்தான் அவள் சம்மதத்தோடு இதைப் போடுகிறேன். அதில் பேசுகிறவள் மாத்திரையை விட்ட முதல் சில வாரத்தில் இருந்தாள்.