போட் இன்ஜின் ஓவர்ஹீட்டைத் தேட இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்: என் அனுபவம்

போட்டுக்குள்ளேயே பொருத்தியிருக்கும் இன்போர்டு இன்ஜினில் டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்ததும் பலருடைய கை நேராக ஸ்பேனருக்குத்தான் போகும். கடல் தண்ணீரை இறைக்கும் பம்பின் ரப்பர் சக்கரமான இம்பெல்லரைக் கழற்றுவார்கள், அது நன்றாகவே இருக்கும். அடுத்து, சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட், அதுவும் நன்றாக இருக்கும். கசிவைத் தடுக்கும் கேஸ்கட் கிழிந்ததுதான் மிச்சம். கடைசியில் பார்த்தால் சென்சர் ஒயர் எங்கேயோ உரசிக்கொண்டிருக்கும். இப்படி வீணான வேலைகளை நிறையப் பார்த்த பிறகுதான், கழற்றுவதற்கு முன் அளந்து பார்ப்பது என்ற பழக்கத்துக்கு வந்தேன். அதற்காக வாங்கியது துப்பாக்கி வடிவ இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். இன்ஜின் ரூமில் இதைப் பல காலமாகப் பயன்படுத்துகிறேன். இது எதைச் சொல்லும், எங்கே ஏமாற்றும் என்று எழுதலாம் என்று தோன்றியது.

என்னிடம் இருப்பது சாதாரண மாடல். விசையை அழுத்தினால் சிவப்பு லேசர் புள்ளி விழும், ஒரு நொடிக்குள் டிகிரி தெரியும். தூர விகிதம் 12:1. அதாவது 36 சென்டிமீட்டர் தள்ளி நின்றால் 3 சென்டிமீட்டர் அகல வட்டத்தின் சராசரிச் சூட்டைக் காட்டும். லேசர் விழும் புள்ளியை மட்டும்தான் அளக்கிறது என்று நினைத்துத் தூரத்தில் நின்று ஹோஸைக் குறிவைத்தால், ஹோஸோடு சேர்த்துப் பின்னால் இருக்கும் சுவரையும் அளந்துவிடும். ஒரு சாண் தூரத்துக்குள் போய்விடுவது நல்லது. அவ்வளவு பக்கத்தில் லேசர் புள்ளியும் அளக்கும் இடமும் சற்று விலகியிருக்கும், அதையும் மனதில் வைக்க வேண்டும்.

பெரிய சிக்கல் பளபளப்பான உலோகம். இந்த மாடலில் எமிசிவிட்டி (ஒரு பரப்பு தன் சூட்டை எவ்வளவு கதிராக வெளிவிடுகிறது என்ற அளவு) 0.95 என்று நிலையாக வைக்கப்பட்டிருக்கிறது, மாற்ற முடியாது. ரப்பர் ஹோஸுக்கும் பெயிண்ட் அடித்த இன்ஜின் பிளாக்குக்கும் அந்த அளவு சரி. பெயிண்ட் எந்த நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, வெள்ளிப் பெயிண்ட் மட்டும் கூடாது. ஆனால் செம்புக் குழாய், பித்தளை நாசில், ஸ்டெயின்லெஸ் எல்போ எல்லாம் தங்கள் சூட்டைக் காட்டாமல், சுற்றியிருக்கும் பொருட்களின் சூட்டைக் கண்ணாடி போலத் திருப்பி அனுப்பும். இன்ஜினுக்குள் சுற்றும் குளிர்விப்புத் திரவமான கூலண்ட் போகும் ஒரு செம்புக் குழாயில் அப்படியே வைத்துப் பார்த்தபோது 46 டிகிரி காட்டியது. அதே இடத்தில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றி, டேப் சூடாகும்வரை பொறுத்துப் பார்த்தால் 81. இந்த விஷயம் தெரியாதவர் முதல் எண்ணை நம்பி, கூலண்ட் ஓடவே இல்லை என்று பம்பைக் கழற்றப் போயிருப்பார். கருவியோடு வந்த தாளில் இதைப் பற்றி ஒரே ஒரு வரிதான் இருந்தது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட வேண்டிய விஷயம் இது.

அதனால் அளக்கும் இடங்களை நிரந்தரமாகத் தயார் செய்து வைத்திருக்கிறேன். தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் (கூலண்டின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் குழல் பெட்டி) கூலண்ட் உள்ளே வரும் வாய், வெளியேறும் வாய், கடல் தண்ணீர் நுழையும் வாய், போகும் வாய், கடைசியாக, புகையோடு கடல் தண்ணீர் கலக்கும் வளைவான எக்ஸாஸ்ட் மிக்சிங் எல்போ. ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் அகலத்துக்குப் பளபளக்காத கறுப்பு ஹீட் பெயிண்ட் பொட்டு வைத்திருக்கிறேன். எல்போவில் டேப் ஒட்டினால் பசை இளகி வழிந்துவிடும், அங்கே பெயிண்ட்தான் வழி.

இந்தக் கருவியின் உண்மையான பலன் இரண்டு இடங்களை ஒப்பிடும்போதுதான் தெரிகிறது. தனியாக ஒரு எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின், மெதுவாக ஓடினால் ஒன்றும் இல்லை, ஆர்பிஎம் ஏற்றினால் மட்டும் சூடேறுகிறது. எக்ஸாஸ்டில் தண்ணீர் தாராளமாக விழுகிறது. பார்த்தவர்கள் எல்லாரும் இம்பெல்லர் என்றார்கள். கூலண்ட் எக்ஸ்சேஞ்சருக்குள் 91 டிகிரியில் போய் 87-ல் திரும்பியது. கடல் தண்ணீர் 29-ல் நுழைந்து 34-ல் வெளியேறியது. தண்ணீர் நன்றாக ஓடுகிறது, ஆனால் சூட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை. அப்படியென்றால் நடுவில் இருக்கும் குழல்களின் சுவரில்தான் தடை. மூடியைத் திறந்தபோது உள்ளே ஒவ்வொரு குழலும் வெள்ளை உப்புப் படிவத்தால் பூசப்பட்டுச் சொரசொரவென்று இருந்தது. சுத்தம் செய்து மாட்டியதும், அதே ஆர்பிஎம்மில் கூலண்டின் சூடு இறங்கும் அளவு இரட்டிப்புக்கு மேல் போனது.

இன்னொரு போட்டில் நேர் எதிர். கடல் தண்ணீர் வெளியேறும் வாய் கூலண்ட் அளவுக்கே கொதித்தது, எக்ஸாஸ்ட் ரப்பர் ஹோஸில் கை வைக்க முடியவில்லை. கொஞ்சம் தண்ணீர்தான் வருகிறது, வந்த தண்ணீர் எல்லாச் சூட்டையும் தலையில் தூக்கிக்கொள்கிறது. அங்கே இம்பெல்லர்தான் காரணம், இறக்கைகள் உடைந்திருந்தன. இப்படி நடந்தால் புது இம்பெல்லரை மாட்டிவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். உடைந்த துண்டுகள் அடுத்து எக்ஸ்சேஞ்சர் வாயில்தான் போய் அடைக்கும். பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்து ஒவ்வொரு துண்டையும் எடுத்தாக வேண்டும்.

தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டால் ஹவுசிங்கின் இன்ஜின் பக்கம் தகிக்கும், எக்ஸ்சேஞ்சருக்குப் போகும் ஹோஸ் குளிர்ந்திருக்கும். டாஷ்போர்டில் முள் உச்சியில் நிற்கும்போது தெர்மோஸ்டாட் ஹவுசிங்கில் 79 என்று வந்தால், இன்ஜினைத் தொடாமல் சென்சர் ஒயரைப் பாருங்கள். பெரும்பாலான கேஜ்களில் அந்த ஒயர் உரசி இன்ஜின் பாடியில் பட்டாலே முள் மேலே ஓடிவிடும். எந்த எண் சரி என்பது இன்ஜினைப் பொறுத்தது. கடல் தண்ணீரே நேராகச் சுற்றும் இன்ஜினில், உப்பு படியாமல் இருப்பதற்காகத் தெர்மோஸ்டாட் 60 டிகிரி வாக்கிலேயே திறந்துவிடும். கூலண்ட் சுற்றும் இன்ஜின் வழக்கமாக 70-லிருந்து 85-க்குள் ஓடும். அதனால் ஒன்றில் 80 என்பது அபாயம், மற்றொன்றில் இயல்பு.

இதனால்தான் இன்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே ஒரு முறை எல்லாப் பொட்டுகளையும் அளந்து, எந்த ஆர்பிஎம், அன்றைக்குக் கடல் தண்ணீர் எத்தனை டிகிரி என்பதோடு எழுதி இன்ஜின் ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறேன். ஹோஸ் மேல் எடுக்கும் அளவு, ரப்பரின் தடிமனால், உள்ளே ஓடும் தண்ணீரைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் அதே ஹோஸ், அதே இடம் என்றால் அந்தக் குறை ஒப்பீட்டைக் கெடுக்காது.

கருவிக்குத் தெரியாதவையும் உண்டு. கடல் தண்ணீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னர் மூடியின் ஓ-ரிங் வழியாகக் காற்று இழுப்பதையோ, கம்பிச்சுருள் இல்லாத சக்‌ஷன் ஹோஸ் அதிக ஆர்பிஎம்மில் உறிஞ்சிச் சப்பையாவதையோ இது நேரடியாகக் காட்டாது. அதற்குக் கண்ணும் டார்ச்சும்தான். கூலண்ட் டேங்கில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்பட வேண்டும். அதைப் பார்க்கிறேன் என்று சூடான இன்ஜினில் பிரஷர் மூடியைத் திறந்துவிடாதீர்கள், முகமெல்லாம் வெந்துவிடும்.

பெல்ட்டுக்கும் சுழலும் ஷாஃப்டுக்கும் பக்கத்தில் கையை நீட்டாமல் அளக்க முடிவது இதில் எனக்கு ரொம்பப் பிடித்த அம்சம். பிடிக்காதது, குளிரான கேபினிலிருந்து எடுத்துக்கொண்டு சூடான இன்ஜின் ரூமுக்குள் போனதும் காட்டும் அளவு சரியாக இருக்காது. 20 நிமிடமாவது உள்ளேயே வைத்துவிட்டு அப்புறம் அளக்க வேண்டும். அவசரத்தில் அது எரிச்சல்தான். லென்ஸில் எண்ணெய்ப் புகை படிந்தாலும் குறைத்துக் காட்டும், பஞ்சில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மறுபடி வாங்குவதானால் எமிசிவிட்டியை மாற்றக்கூடிய மாடலைத்தான் எடுப்பேன், தூர விகிதம் 12:1-க்குக் குறைந்ததைத் தொடவே மாட்டேன். கூடவே மல்டிமீட்டரில் செருகும் கே-டைப் ப்ரோப் ஒன்றும் வைத்துக்கொள்ளலாம். பெயிண்ட் பொட்டு வைக்க முடியாத பித்தளை இணைப்புகளில், இன்ஜினை நிறுத்திவிட்டுத் தொட்டு அளக்க அதுதான் தோது.