புதுப் படகு இறக்குறவங்க இன்சூரன்ஸ் பாலிசியில் "டி.எல்.ஓ." என்ற எழுத்து இருக்கான்னு முதல்ல பாருங்க

நாகப்பட்டினத்தில் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம், நம்பியார் நகர் பக்கம் புதுப் படகு கட்டிக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இது. எங்களுக்கு ஆனது உங்களுக்கு ஆகக் கூடாது.

நானும் என் அக்கா வீட்டு மச்சானும் சேர்ந்து போன வருஷம் இரும்பு விசைப்படகு ஒன்று கட்டினோம். இன்ஜின், வின்ச், ஐஸ் ரூம் எல்லாம் சேர்த்து 85 லட்சம் ஆனது. அதில் 35 லட்சம் வங்கிக் கடன். மீதி அக்காவின் நகை, மச்சானின் பழைய படகை விற்ற காசு, ஊரில் வட்டிக்கு வாங்கியது. வலைக்குத் தனியாக 9 லட்சம்.

இன்சூரன்ஸ் ஏஜென்டை அனுப்பியது கடன் கொடுத்த வங்கிதான். "ஃபுல் கவரேஜ்ண்ணே, படகுக்கு எது ஆனாலும் கம்பெனி பாத்துக்கும்" என்றார். பிரீமியம் 42,000 ரூபாய், அன்றைக்கே கட்டினோம். பாலிசி 14 பக்கம், முழுக்க ஆங்கிலம். அது வங்கி ஃபைலுக்குள் போய்விட்டது. எங்கள் கையில் இருந்தது முதல் பக்கத்தின் ஜெராக்ஸ் மட்டும்.

மார்ச் முதல் வாரம், விடியறதுக்கு முன்னாடி படகு கரைக்குத் திரும்பியது. கடுவையாற்று முகத்துவாரத்தில் மணல் மேடிட்டுக் கிடப்பது நம் எல்லாருக்கும் தெரியும். அன்றைக்குத் தண்ணீர் வற்றியிருந்தது. படகு தரை தட்டி நின்றதும் பின்னால் வந்த அலை அதைத் திருப்பிக் கல் கொட்டின கரையில் அடித்தது. அடித்தகடு கிழிந்து இன்ஜின் ரூமுக்குள் உப்புத் தண்ணீர் ஏறிவிட்டது. மச்சானும் ஆளுங்களும் நீந்திக் கரையேறினார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அதற்கு மாதாவுக்கு நன்றி. மறுநாள் மூன்று படகு கட்டி இழுத்துத்தான் வெளியே எடுத்தோம்.

தகடு, இன்ஜின் பிரித்து வேலை, கியர் பாக்ஸ், இழுவைக் கூலி எல்லாம் சேர்ந்து 11 லட்சத்து 40 ஆயிரம். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார், படம் எடுத்தார், பில் எல்லாம் வாங்கிக்கொண்டார். மூன்று வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது: உங்கள் பாலிசி "டி.எல்.ஓ.", அதாவது டோட்டல் லாஸ் ஒன்லி. படகு முழுசாகப் போனால் மட்டும்தான் பணம். உங்கள் படகு மிதக்கிறது, அதனால் ஒரு ரூபாயும் இல்லை.

பழுது பார்க்கும் செலவு, பார்த்து முடித்த பிறகு படகுக்கு இருக்கும் மதிப்பையே தாண்டினால் அதையும் முழு நஷ்டமாக எடுத்துக்கொள்ள 1963ஆம் வருஷத்துக் கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தில் இடம் இருக்கிறது. எங்கள் 11 லட்சம் அதற்குக் கிட்டேகூட வரவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நம்ம தொழிலில் படகு அடியோடு காணாமல் போவது எத்தனை தடவை நடக்கிறது? தகடு கிழிவது, பலகை உடைவது, இன்ஜினில் தண்ணீர் ஏறுவது எத்தனை தடவை? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கட்டிப் போட்டிருந்த படகுகளே ஒன்றோடொன்று மோதி உடைந்ததை நம் கண்ணால் பார்த்தோம். அடிக்கடி வரும் நஷ்டத்தை விட்டுவிட்டு அபூர்வமாய் வருவதற்கு மட்டும் பாலிசி போட்டுத் தந்து, அதற்கு "ஃபுல் கவரேஜ்" என்று பெயர் சொன்னார்கள். இது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அப்புறம்தான் வங்கிக்குப் போய் 14 பக்கத்தையும் வாங்கி, கல்லூரியில் படிக்கிற தங்கச்சி மகனை உட்கார வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னோம். காப்பீட்டுத் தொகை 35 லட்சம்தான். படகின் விலை இல்லை, கடன் தொகை. படகு மூழ்கியிருந்தாலும் வங்கி தன் பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளும். அக்கா நகைக்கு ஒன்றும் மிஞ்சாது. மேனேஜரிடம் கேட்டதற்கு, "இன்சூரன்ஸ் எங்க கடனுக்குப் பாதுகாப்புதானே" என்றார். அதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

தொகையைக் குறைத்துப் போடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பகுதி நஷ்டம் சேர்த்த பாலிசியாகவே இருந்தாலும், 85 லட்சம் பெறுமான படகை 35 லட்சத்துக்குப் போட்டிருந்தால் மீதிப் பங்கு நம் தலையில் விழலாம். எங்கள் பில்லுக்கு 85க்கு 35 என்று அந்தக் கணக்குப் போட்டால் கையில் வருவது நாலே முக்கால் லட்சத்துக்கும் கீழே. பாலிசியிலேயே இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்ட மதிப்பாக முழு விலையையும் எழுதச் சொல்லுங்கள்.

வலை அந்தப் பாலிசியில் இல்லை. வேறு நாட்டுக் கடற்படை பிடித்துக்கொண்டு போனால் அதுவும் இல்லை. கோடியக்கரைக்குத் தெற்கே போகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் படிக்க வேண்டும், ஏனென்றால் இலங்கையில் 2018இல் சட்டம் கடுமையான பிறகு படகு திரும்பி வருவதே பெரும்பாடு. ஆளுங்களுக்கு அடிபட்டாலும் இது உதவாது, அதற்குத் தனி பாலிசி.

கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா புகார் இணையதளத்திலும் போட்டோம். இரண்டு இடத்திலும் பதில் ஒன்றுதான்: பாலிசியில் எழுதியிருப்பதே செல்லும். ஏஜென்ட் வாயால் சொன்னதற்கு எங்களிடம் ஆதாரம் இல்லை. அதனால் நீங்கள் பணம் கட்டுவதற்கு முன்னாடி வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: "தரை தட்டித் தகடு கிழிந்தால் பணம் உண்டா? எவ்வளவு வரை? நாங்கள் முதலில் போட வேண்டியது எவ்வளவு?" பதில் எழுத்தில் வரட்டும். வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். பாலிசி முழுசும் உங்கள் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும்.

ஏப்ரல் 15க்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியபோது எங்கள் படகு யார்டில் மேலே ஏற்றிக் கிடந்தது. ஜூன் 15 அன்று எல்லாப் படகும் போனது, எங்களுடையது போகவில்லை. ஆகஸ்டில்தான் இறக்கினோம். புதுப் பாலிசி 85 லட்சத்துக்கு, பகுதி நஷ்டமும் சேர்த்து. பிரீமியம் நாலு மடங்குக்கும் மேல். மச்சான் ஒரு வார்த்தை பேசாமல் கட்டினார்.