பதிவக முகவரியை எங்கே எழுதி வைப்பது: மேக்ரோ, ஸ்ட்ரக்ட், லிங்கர், டிவைஸ் ட்ரீ ஆகியவற்றின் ஒப்பீடு

மலேசியாவின் கெடா மாநிலத்திலுள்ள பாடாங் செராய் பட்டணத்தைச் சுற்றியிருந்த பால்மரக் காடுகள் பெரும்பாலும் செம்பனையாகிவிட்டன. அந்தத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பிள்ளைகள் பலர் இன்று விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்தேறி, 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவனான நான், ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு மாணவர்களோடு சேர்ந்து ஒரு சிறு இயங்குதளத்தை எழுதி வருகிறேன். தோட்டத்து மேட்டிலுள்ள தண்ணீர்த் தொட்டியின் மட்டத்தை அறிந்து பம்பை ஓட்டி நிறுத்துவதும், நிலவரத்தை யூஆர்ட் (தரவைப் பிட்டு பிட்டாக அனுப்பும் தொகுதி) கம்பி வழியே சொல்வதும்தான் அதன் வேலை. எங்களிடம் இருப்பவை எஸ்டிஎம்32எஃப்103 சில்லு பொருத்திய சிறிய பலகைகள் சிலவும், ஒரு ராஸ்பெர்ரி பை 3 பலகையும் ஆகும்.

எழுதத் தொடங்கிய முதல் வாரத்திலேயே வந்து நின்ற கேள்வி இது: சில்லின் பதிவகங்கள், அதாவது நாம் ரெஜிஸ்டர் என்று சொல்பவை (சாதனத்தைக் கட்டுப்படுத்தவும் அதன் நிலையை அறியவும் நிரல் எழுதிப் படிக்கும் சிறு இடங்கள்), எந்த முகவரியில் இருக்கின்றன என்பதை நிரலில் எந்த வடிவத்தில், எந்தக் கோப்பில் எழுதி வைப்பது? சில்லின் கையேட்டில் அட்டவணையாக இருப்பதை அப்படியே எடுத்து எழுதுவதில் என்ன சிக்கல் என்று தோன்றலாம். ஆனால் எழுதும் முறையைப் பொறுத்துத்தான் பிழை எங்கே ஒளிந்துகொள்ளும் என்பது அமைகிறது. (இக்கட்டுரையில் வரும் முகவரிகளும் ஆஃப்செட்டுகளும் பதினாறடிமான எண்கள்.)

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஒரு பதிவகத்தின் முகவரியில் இரண்டு செய்திகள் கலந்திருக்கின்றன. ஒன்று, அந்தச் சாதனத் தொகுதி சில்லுக்குள் எங்கே தொடங்குகிறது என்னும் அடிமுகவரி. மற்றது, அந்தத் தொடக்கத்திலிருந்து எத்தனை பைட்டு தள்ளி இந்தப் பதிவகம் இருக்கிறது என்னும் ஆஃப்செட். தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. லயம் எந்த இடத்தில் நிற்கிறது என்பது வேறு, அதில் எத்தனையாவது கதவு என்பது வேறு. ஆர்ம் நிறுவனம் வடிவமைத்த பிஎல்011 என்னும் யூஆர்ட் தொகுதியை எடுத்துக்கொண்டால், அதன் கதவுகளின் வரிசை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: தரவுப் பதிவகம் 00இல், நிலைக்கொடிப் பதிவகம் 18இல், கட்டுப்பாட்டுப் பதிவகம் 30இல். ஆனால் முதல் ராஸ்பெர்ரி பையில் அது 20201000இல் தொடங்குகிறது, பை 3இல் 3எஃப்201000இல், பை 4இல் எஃப்இ201000இல், வன்பொருளைப் பாவனை செய்யும் கியூஎமு மென்பொருளின் ஆர்ம் 'விர்ட்' பலகையில் 09000000இல். வரிசையை முடிவு செய்தவர் தொகுதியை வடிவமைத்தவர். இடத்தை முடிவு செய்தவர் சில்லை வடிவமைத்தவர். கீழே வரும் முறைகளை நான் எடைபோடுவது, இந்த இரண்டையும் எவ்வளவு தெளிவாகப் பிரித்து வைக்கின்றன என்ற அளவுகோலைக் கொண்டுதான்.

மேக்ரோ முறைதான் மிகப் பழையது, மிகப் பரவலானதும்கூட. ஒரு பெயருக்கு எதிரே ஒரு முகவரியை எழுதி, அதை வாலடைல் சுட்டியாக (ஒவ்வொரு முறையும் அந்த இடத்தை மெய்யாகவே தொட வேண்டும் என்று கம்பைலருக்குச் சொல்லும் சுட்டி) மாற்றி, அந்தச் சுட்டி காட்டும் இடத்தைப் படிக்கவோ எழுதவோ செய்கிறோம். சிறு சில்லுகளுக்கான ஃப்ரீஆர்டிஓஎஸ் இயங்குதளம், ஆர்மின் கார்டெக்ஸ்-எம் பிராசசர்களுக்கான தன் பகுதியில் சிஸ்டிக் கடிகாரத்தின் கட்டுப்பாட்டுப் பதிவகத்தை இப்படித்தான் இ000இ010 என்ற முழு முகவரியாகவே எழுதியிருக்கிறது. அந்த முகவரி கார்டெக்ஸ்-எம் கட்டமைப்பாலேயே நிர்ணயிக்கப்பட்டது, சில்லுக்குச் சில்லு மாறாதது. ஆகவே அந்த இடத்தில் மேக்ரோ முற்றிலும் பொருந்துகிறது. வேறெந்த ஹெடர் கோப்பையும் சாராமல் நிரல் தொகுபடுகிறது என்பது கூடுதல் நன்மை. எம்ஐடியின் எக்ஸ்வி6 பயிற்சி இயங்குதளத்தின் ரிஸ்க்-வி வடிவமும், யூஆர்ட்டின் அடிமுகவரி 10000000 என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, பதிவக எண்ணை அதனுடன் கூட்டும் சிறு மேக்ரோவால் வேலையை முடித்துக்கொள்கிறது. படிப்பவருக்கு அதைவிட எளிய வழி கிடையாது. மேலும், தொடக்க நிலை அசெம்பிளி கோப்புகளுக்குள்ளும் மேக்ரோ ஹெடரைச் சேர்க்கலாம். சி மொழியின் ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை உறுப்புகளாக வரிசையில் அடுக்கும் வகையை) அசெம்பிளருக்குக் கொடுக்க முடியாது.

ஆனால் மேக்ரோவுக்கு எண்ணைத் தவிர வேறொன்றும் தெரியாது. எங்கள் பலகையில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். எஸ்டிஎம்32எஃப்103இல் சில்லின் கால்முனைகளை இயக்கும் ஜிபிஐஓ-ஏ தொகுதி 40010800இல் தொடங்குகிறது. அதன் வெளியீட்டுத் தரவுப் பதிவகம் 0சி ஆஃப்செட்டில் இருக்கிறது. ஒரு மாணவர் எஃப்4 வகைச் சில்லுக்கு எழுதப்பட்ட பாடத்திலிருந்து ஆஃப்செட் மேக்ரோக்களை எடுத்துக்கொண்டார். அந்த வகையில் அதே பதிவகம் 14இல் இருக்கிறது. எஃப்103இல் 14இல் இருப்பதோ, 1 எழுதினால் அந்தக் கால்முனையை அணைக்கிற பதிவகம். 'பம்பை ஓட்டு' என்று நிரல் எழுதிய 1, ஒவ்வொரு முறையும் 'பம்பை நிறுத்து' என்றே சில்லுக்குப் போய்ச் சேர்ந்தது. கம்பைலர் ஓர் எச்சரிக்கைகூடக் கொடுக்கவில்லை. ஓர் எண்ணுடன் இன்னோர் எண்ணைக் கூட்டுவதில் அதற்கு என்ன குறை தெரியும்? பம்பின் ரிலே பழுது என்று நினைத்து இரண்டு ரிலேக்களை மாற்றிய பிறகுதான் கையேட்டை மீண்டும் திறந்தோம். யூஆர்ட் ஒன்றுக்கு மேற்பட்டு வரும்போது இச்சுமை இன்னும் கூடுகிறது. அதே சில்லில் 40013800, 40004400, 40004800 ஆகிய மூன்று இடங்களில் யூஎஸ்ஆர்ட் (யூஆர்ட்டாகவும் இயங்கும் தொகுதி) இருக்கிறது. ஒவ்வொன்றின் ஒவ்வொரு பதிவகத்துக்கும் முழு முகவரியை மேக்ரோவாக எழுதினால், ஒரே டிரைவர் நிரலை, அதாவது சாதனத்தை இயக்கும் நிரலை, மூன்றுக்கும் பொதுவாக எழுத வழியில்லாமல் போகிறது.

அடுத்தது ஸ்ட்ரக்ட் மேலடுக்கு. தொகுதியின் பதிவகங்களை அதே வரிசையில் உறுப்புகளாகக் கொண்ட ஒரு ஸ்ட்ரக்டை எழுதி, அடிமுகவரியை அந்த ஸ்ட்ரக்டின் சுட்டியாக மாற்றிவிடுகிறோம். ஆர்ம் நிறுவனம் 2008இல் கொண்டுவந்த சிஎம்எஸ்ஐஎஸ் வரையறை இதையே பின்பற்றுகிறது. எஸ்டிஎம்32 போன்ற சில்லுகளுடன் வரும் ஹெடர் கோப்புகள் இந்த வடிவத்தில்தான் இருக்கின்றன. படிக்க மட்டும், எழுத மட்டும், இரண்டுக்கும் என்று உறுப்புகளுக்கு அடையாளமிடலாம். படிக்க மட்டுமே உள்ள பதிவகத்தில் எழுத முயன்றால் கம்பைலரே மறித்துவிடும். டிரைவர் நிரல் ஸ்ட்ரக்ட் சுட்டியை வாங்கிக்கொள்வதால், மூன்று யூஎஸ்ஆர்ட்டுக்கும் ஒரே நிரல் போதும். நான் மேலே சொன்ன பிரிப்பு இங்கே மொழியிலேயே அமைந்துவிடுகிறது: வரிசை ஸ்ட்ரக்டில், இடம் சுட்டியில்.

இதற்கும் ஒரு பள்ளம் உண்டு, அதுவும் ஆழமானது. கதவு வரிசையில் நடுவே வெற்றிடங்கள் இருக்கும். அவற்றுக்கும் ஸ்ட்ரக்டில் ஒதுக்கீட்டு உறுப்பு வைக்க வேண்டும். பிஎல்011இல் 04க்கும் 18க்கும் நடுவே நான்கு சொல் அளவு வெற்றிடமும், 18க்கும் 20க்கும் நடுவே 1சி என்ற ஒரு சொல் வெற்றிடமும் உள்ளன. எங்கள் ஸ்ட்ரக்டில் முதல் வெற்றிடம் சரியாக இருந்தது, இரண்டாவது விடுபட்டுவிட்டது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு பதிவகமும் நான்கு பைட்டு முன்னே நகர்ந்தது. 48 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் 115200 வேகத்துக்கு முழுவெண் வகுப்பானாக 26ஐயும் பின்ன வகுப்பானாக 3ஐயும் எழுத வேண்டும். 26 சம்பந்தமில்லாத வேறொரு பதிவகத்துக்குப் போக, 26 இருக்க வேண்டிய இடத்தில் 3 போய் உட்கார்ந்தது. யூஆர்ட்டை இயக்கும் கட்டளையோ கட்டுப்பாட்டுப் பதிவகத்துக்குப் பதிலாக அதற்கு முந்தைய பதிவகத்தில் விழுந்தது. பலகையிலிருந்து ஓர் எழுத்துகூட வரவில்லை. "அண்ணே, கியூஎமுவில நல்லாத்தானே ஓடுது?" என்று அந்த மாணவி திரும்பத் திரும்பக் கேட்டார், அவர் கேட்டதில் நியாயமும் இருந்தது. கியூஎமு கம்பியின் வேகத்தைப் பாவனை செய்வதில்லை. 00இல் எழுதிய எழுத்தை அப்படியே திரையில் காட்டிவிடுகிறது. மெய்யான சில்லு அப்படி மன்னிக்காது.

இதற்கு மருந்து மலிவானது. சி11இலிருந்து மொழியிலேயே இருக்கும் ஸ்டாட்டிக் அசெர்ட் வசதியைக் கொண்டு, 'கட்டுப்பாட்டுப் பதிவகத்தின் ஆஃப்செட் 30தான்' என்று ஸ்ட்ரக்டுக்குக் கீழேயே ஒரு வரி எழுதிவிட்டால், வரிசை பிசகிய நிரல் தொகுபடவே செய்யாது. ஒவ்வொரு வெற்றிடத்துக்கும் அடுத்து வரும் பதிவகத்துக்கு ஒரு வரி என்று வைத்தாலே போதும். இந்த வரிகள் இல்லாத ஸ்ட்ரக்டை நான் இப்போது ஏற்பதில்லை.

ஸ்ட்ரக்டைப் பற்றிப் பேசும்போது, பதிவகத்துக்குள் இருக்கும் பிட்டுகளையும் பிட்ஃபீல்டாக (ஓரிரு பிட்டு அளவேயுள்ள ஸ்ட்ரக்ட் உறுப்புகளாக) எழுதிவிட ஆசை வரும். பார்க்க மிக அழகாக இருக்கும். அது வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பிட்ஃபீல்டுகள் எந்தத் திசையிலிருந்து அடுக்கப்படும் என்பதைச் சி மொழி கம்பைலரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. அதைவிட ஆபத்தானது, ஒரு பிட்டுக்கு மட்டும் மதிப்புக் கொடுப்பது போலத் தோன்றும் வரி, உண்மையில் முழுப் பதிவகத்தையும் படித்து, மாற்றி, திரும்ப எழுதுகிறது என்பதாகும். எஸ்டிஎம்32இன் வெளிக்குறுக்கீட்டு நிலைப் பதிவகம் போல 1 எழுதினால் அழியும் வகைப் பதிவகங்களில், காத்திருக்கும் மற்றக் குறுக்கீடுகளையும் அந்த ஒரு வரி சத்தமின்றித் துடைத்துவிடும். பிட்டுகளுக்கு, வேண்டிய பிட்டுகளை மட்டும் தேர்ந்தெடுக்கும் முகமூடி மேக்ரோக்களே போதுமானவை.

லிங்கர் (தொகுத்த துண்டுகளை ஒரே நிரலாக இணைத்து முகவரி ஒதுக்கும் கருவி) குறியீட்டு முறை இங்கே அதிகம் பேசப்படாதது. பதிவகத்தை வெளியே வரையறுக்கப்பட்ட மாறியாக மட்டும் சி நிரலில் அறிவித்துவிட்டு, அது இருக்கும் முகவரியை லிங்கர் கோப்பில் எழுதுகிறோம். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் எம்எஸ்பி430 சில்லுகளுக்கான கோப்புகளில் முதல் போர்ட்டின் வெளியீட்டுப் பதிவகம் 0021 என்று இப்படித்தான் வருகிறது. இதன் சிறப்பு சோதனையில் தெரியும்: அதே டிரைவர் நிரலை மடிக்கணினியில் தொகுத்து, பதிவகத்துக்குப் பதிலாகச் சாதாரண மாறி ஒன்றைக் கொடுத்து, பம்பு இல்லாமலேயே சோதித்துப் பார்க்கலாம். குறை, நிரலைப் படிப்பவர் முகவரியைத் தேடி இன்னொரு கோப்புக்குப் போக வேண்டும். அறிவித்த வகையும் அந்த இடத்தில் மெய்யாக இருப்பதும் பொருந்துகின்றனவா என்று லிங்கர் பார்ப்பதில்லை. தொகுக்கும் நேரத்தில் முகவரி கம்பைலருக்குத் தெரியாததால் அது செய்யக்கூடிய சில சிக்கனங்களும் விடுபடுகின்றன. சோதனைக்காக மட்டும் இதை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

டிவைஸ் ட்ரீ இவை எல்லாவற்றையும்விட ஒரு படி வெளியே நிற்கிறது. அடிமுகவரி நிரலிலேயே இருக்காது. வன்பொருளை விவரிக்கும் தனிக் கோப்பில் இருக்கும். ஆர்ம் பலகைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிரலாகக் குவிந்துகொண்டிருந்ததை லினஸ் டோர்வால்ட்ஸ் 2011இல் கடுமையாகக் கண்டித்த பிறகு, லினக்ஸின் ஆர்ம் பகுதி இந்த வழிக்கு மாறியது. அங்கே டிரைவர், கோப்பிலிருந்து வந்த பௌதிக முகவரியைக் கெர்னலிடம் கொடுத்து மெய்நிகர் முகவரியாக மாற்றி வாங்கிக்கொண்டு, படிக்கவும் எழுதவும் அதற்கென்று உள்ள செயற்கூறுகளையே பயன்படுத்துகிறது. வெறும் வாலடைல் சுட்டி தராத நினைவக வரிசைக் காப்பு (படிப்பதும் எழுதுவதும் சொன்ன வரிசையிலேயே நடக்கும் என்னும் உறுதி) அந்தச் செயற்கூறுகளில் இருக்கிறது. ராஸ்பெர்ரி பையின் கோப்பில் யூஆர்ட் 7இ201000 என்று எழுதப்பட்டிருப்பதைப் பார்த்து மாணவர்கள் குழம்பியதுண்டு. அது சில்லின் உள்வழித்தடமான பஸ்ஸில் வழங்கும் முகவரி. பிராசசர் காணும் முகவரியாக அதை மாற்றும் வரி, யூஆர்ட்டை உள்ளடக்கிய மேல்நிலைப் பகுதியில் இருக்கிறது. பிசிஎம்2835 சில்லின் கையேடும் இதே 7இ முகவரிகளையே பேசுவதால், இது தெரியாமல் நேரடியாக எடுத்து எழுதினால் ஒன்றும் ஓடாது.

சிறிய சில்லில் டிவைஸ் ட்ரீயைப் படிக்க நினைவகம் ஏது என்று கேட்கலாம். ஜெஃபைர் இயங்குதளம் அதற்கு ஒரு வழி கண்டிருக்கிறது: கோப்பைத் தொகுக்கும் நேரத்திலேயே படித்து மேக்ரோக்களாக மாற்றிவிடுகிறது, ஓடும் சில்லுக்கு அந்தச் சுமை போவதில்லை. ஆனாலும் கருவிச்சங்கிலி பெரிது. பதிவகம் ஒன்றைத் தொட்டுப் பார்க்க வந்த மாணவருக்கு, முதல் நாளிலேயே இவ்வளவு பெரிய இயந்திரத்தைக் கொடுப்பது நியாயமாக எனக்குப் படவில்லை.

ஆகவே எங்கள் இயங்குதளத்தில் இப்போது இருக்கும் ஏற்பாடு இதுதான். அசெம்பிளி தொடக்க நிரலும், சிஸ்டிக் போன்ற கட்டமைப்பு முகவரிகளும் மேக்ரோவில் இருக்கின்றன. ஒவ்வொரு சாதனத் தொகுதிக்கும் ஆஃப்செட் சோதனை வரிகளோடு ஒரு ஸ்ட்ரக்ட் இருக்கிறது. அந்தக் கோப்பில் அடிமுகவரி எதுவும் வரக் கூடாது. அடிமுகவரிகள் எல்லாம் பலகைக்கு ஒரு கோப்பு என்று தனியாக இருக்கின்றன. சென்ற மாதம் ஒருவர் பை 4 பலகை ஒன்றைக் கொண்டுவந்தபோது, யூஆர்ட் டிரைவரின் பதிவக வரையறையில் ஒரு வரியையும் தொடாமல், பை 3 பலகைக் கோப்பின் நகலில் 3எஃப் என்று தொடங்கிய இடத்தை எஃப்இ என்று மாற்றினோம். அன்று மாலையே கம்பி வழியே முதல் வரி வந்தது. எஸ்டிஎம்32, பை 3, பை 4 என்று மூன்று பலகைக் கோப்புகள் இப்போது அருகருகே கிடக்கின்றன. ஐந்தாறாகப் பெருகும்போது அவற்றை டிவைஸ் ட்ரீயாக மாற்றிவிடலாம் என்று எண்ணியிருக்கிறோம்.