விசிறியின் ரம்பச் சத்தத்தைக் கணிக்க ரோசென்ட்ரல்ஃபோம் போதுமா?

விமானம் மேலேறும்போது முன்பக்க இருக்கைகளில் ரம்பம் அறுப்பதுபோல் கேட்கிறதே, அது விசிறி பிளேடுகளின் நுனியில் கிளம்பி, உள்வாய் வழியே எதிர்க்காற்றில் முன்னேறி வரும் அதிர்ச்சி அலைகளின் சத்தம். காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் இலவச மென்பொருளான ஓபன்ஃபோமில் உள்ள ரோசென்ட்ரல்ஃபோம் சால்வரால் (சமன்பாடுகளைத் தீர்க்கும் நிரலால்) இதைப் பிடிக்க முடியும். ஆனால் பல நிபந்தனைகள் உண்டு. (ஓபன்ஃபோம் ஃபவுண்டேஷனின் வெளியீட்டில் 11-ஆம் பதிப்பு முதல் இந்த வேலையை ஷாக்ஃப்ளூயிட் செய்கிறது.)

நாசாவின் சோதனை விசிறியான ரோட்டார் 67-ஐ எடுத்துக்கொள்வோம்: 22 பிளேடு, நிமிடத்துக்கு 16,043 சுற்று, நுனி வேகம் நொடிக்கு 429 மீட்டர், நுனியில் சார்பு மாக் எண் 1.38 (அதாவது பிளேடைப் பொறுத்துக் காற்றின் வேகம் ஒலியைப்போல் 1.38 மடங்கு).

அலையைப் பிடிப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குர்கனோவ் ஃப்ளக்ஸும் (செல்லிலிருந்து செல்லுக்குப் பாய்வதைக் கணிக்கும் முறை) வான்லீர் லிமிட்டரும் (பொய் நெளிவைத் தடுப்பது) சேர்ந்தால், காற்றுவெளியைப் பிரித்த சிறு கட்டங்களான செல்களில் இரண்டு மூன்றுக்குள் கூர்மையான அலைமுகம் கிடைக்கும், பக்கத்தில் நெளிவும் வராது. மின்மாட் லிமிட்டர் வேண்டாம், முகட்டை மழுக்கிவிடும். ஒரே ஒரு பிளேடு இடைவெளியை மட்டும் வைத்துச் சுழற்சி எல்லை (ஒரு பக்கம் வெளியேறுவது மறுபக்கம் நுழையும்) போட்டால் பிளேடுகள் கடக்கும் வீதமான 5,882 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான் வரும். ரம்பச் சத்தமோ தண்டின் சுழற்சி வீதமான 267 ஹெர்ட்ஸின் மடங்குகளில் இருக்கிறது. பிளேடுகளின் சாய்கோணம் ஒன்றுக்கொன்று 0.1 பாகை மாறினாலே அலைகளின் பலம் மாறும். பலமானது வேகமாக ஓடி முன்னால் போவதை விழுங்கும். ஆகவே 22 இடைவெளிகளும் வேண்டும், ஒவ்வொன்றிலும் கோணத்தை மாற்றியாக வேண்டும்.

தண்டு வேகத்தின் 44-ஆம் மடங்குவரை வேண்டுமென்றால் அலைநீளத்துக்கு 25 செல் வீதம் சுற்றளவில் 1,100 செல். நுனியில் ஒன்று சுமார் 1.5 மி.மீ. உள்வாய் முனைவரை இதே நெருக்கம் இருக்கட்டும். வழியில் மெஷ் (செல்களின் வலை) பருமனானால் சத்தம் தானாகக் குறையும். அதை இயற்பியல் என்று நம்பிவிடுவார்கள்.

நேரம்தான் பெரிய தலைவலி. சுவரருகே முதல் செல் 5 மைக்ரான், கூராண்ட் எண் (ஒரு நேரப்படியில் அலை செல்லில் கடக்கும் பங்கு) 0.2 என்றால் ஒரு சுற்றுக்கே சுமார் 13 லட்சம் படிகள். சுவர்ச் சார்பு (சுவரருகே ஓட்டத்தைச் சூத்திரத்தால் கணிப்பது) போட்டு 100 மைக்ரானாக்கினால் 64,000 படிகளோடு முடியும். அலைப் பரவல்தான் இலக்கு என்றால் தயங்காமல் அதைச் செய்யலாம்.

உள்வாய் முழு வட்டமாக இருந்தால் அதன் மெஷ்ஷையும் ரோட்டாரோடு சேர்த்தே சுழற்றிவிடலாம். அலைகள் ஏஎம்ஐ இணைப்பை (சுழலும் மெஷ்ஷும் நிற்கும் மெஷ்ஷும் சந்திக்கும் இடம்) கடக்காததால் அதன் இடைச்செருகல் பிழையும் வராது. வேகத்துக்கான எல்லை நிபந்தனை பிளேடுக்கு மூவிங்வால்வெலாசிட்டி (சுவர் மெஷ்ஷோடு நகரும்). விசிறியைச் சுற்றி அசையாமல் நிற்கும் உறைக்குக் கண்டிப்பாக ஃபிக்ஸ்டுவேல்யூ, மதிப்பு பூஜ்ஜியம். மாற்றிப் போட்டால் உறையே சுழன்று நுனி ஓட்டம் முழுக்கப் பொய்யாகிவிடும்.

அடுத்த பொறி, ஓரிடத்தின் அழுத்தத்தைப் பதியும் புரோப்ஸில். ஃபிக்ஸ்டுலொக்கேஷன்ஸ் என்பதன் இயல்பு மதிப்பு ட்ரூ. அப்போது மெஷ் நகர்ந்தாலும் புரோப் அதே இடத்தில் நிற்கும். ஃபால்ஸ் என்று மாற்றினால் பழைய செல்லையே பிடித்துக்கொண்டு புரோப் மெஷ்ஷோடு கூடவே சுற்றும். வரைபடம் கிட்டத்தட்ட நேர்க்கோடாக வரும், அலை செத்துவிட்டதோ என்று தோன்றும். ட்ரூ என்றே விட்டு, முழுச் சுற்றுகளுக்கான தரவை மட்டும் எஃப்எஃப்டிக்கு (அலைவெண்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு) கொடுக்கவும்.

அலையை வெளியே விடும் வேவ்டிரான்ஸ்மிசிவ் எல்லை நேராக வரும் அலைக்கானது. இங்கே வருவதோ சுருள் அலை; சாய்வாக மோதிக் கொஞ்சம் திரும்பி வரும். உள்வாய்க்கு வெளியே செல்களைப் படிப்படியாகப் பெரிதாக்கி அலையை அங்கேயே கரைத்துவிடுவது நல்லது. ஒலியை உறிஞ்சும் லைனர் போட்ட நீண்ட உள்வாய்க்கு இந்தச் சால்வரை நம்பி இறங்க வேண்டாம்.